பனிப்பறவையாரின் பற்றுவரவு

ஜனவரி மாதத்தில் அரிசோனாவின் மேசா நகரத்தில் வீட்டு வண்டிகள் தங்கும் ஆர்.வி. பூங்கா எதற்குள் வேண்டுமானாலும் காலை ஏழரைக்கு நுழைந்து பாருங்கள், அவர் இருப்பார். எழுபதை எட்டிய வயது, சிவந்த முகம், அரைக்கால் சட்டை, ஊர்க் கால்பந்துக் குழுவின் பெயர் பொறித்த தொப்பி, கையில் ஆவி பறக்கும் காபிக் குவளை. வெளியே 35 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் இரண்டுக்கும் குறைவு. பூங்காவின் தோட்டக்காரர் காதை மூடிய கம்பளிக் குல்லாயோடு கைகளைத் தேய்த்துக்கொண்டிருக்க, இவர் முழங்கால் தெரிய நின்று கைபேசியில் வானிலை பார்ப்பார். மேசாவின் வானிலையை அல்ல, மினியாபொலிஸின் வானிலையை. "மைனஸ் பதினெட்டு, பனிப்புயல் எச்சரிக்கை" என்று உரக்கப் படித்துவிட்டு ஒரு மிடறு குடிப்பார். அந்த மிடறின் தித்திப்பு சர்க்கரையால் வந்ததல்ல.

இந்த இனத்தை அந்த நாட்டில் ஸ்னோபேர்ட் என்பார்கள். வயதுக்கு மரியாதை கொடுத்து நாம் பனிப்பறவையார் என்று வைத்துக்கொள்வோம். மினசோட்டா, அயோவா, மிச்சிகன், இரண்டு டகோடாக்கள், எல்லைக்கு அப்பால் கனடாவின் சஸ்காட்செவன், மனிடோபா, ஆல்பர்ட்டா என்று ஏரியும் வயலும் உறைந்துபோகும் இடங்களிலிருந்து நவம்பர் வாக்கில் கிளம்பி, தெற்கே வெயில் காயும் ஊர்களில் இறங்கி, ஏப்ரலில் திரும்பிப் போகும் கூட்டம். மற்றப் பறவைகள் கூட்டை அங்கேயே விட்டுவிட்டு வரும். இவர் கூட்டையும் ஓட்டிக்கொண்டு வருவார்.

கூடு சாதாரணமானதல்ல. நாற்பது அடி நீளம், பின்பக்கம் டீசல் எஞ்சின். பொத்தானை அழுத்தினால் சுவர்கள் வெளிப்பக்கம் நகர்ந்து வரவேற்பறை அகலமாகும். ராணிக் கட்டில், துவைக்கும் இயந்திரம், மின்சாரக் கணப்பு, இரண்டு தொலைக்காட்சிகள் எல்லாம் உண்டு. வண்டிக்குப் பின்னால் ஒரு முழுக் காரைக் கொக்கி மாட்டி இழுத்து வருவார். ஊருக்குள் காய்கறி வாங்கப் போக வேண்டாமா? இந்த அரண்மனைக்கு ஒரு கேலன் டீசல் ஏழெட்டு மைலுக்குத்தான் காணும். மினியாபொலிஸிலிருந்து மேசா ஏறக்குறைய 1,700 மைல். கணக்கு உங்களுக்கே புரியும். அந்தத் தொகையை முகம் சுளிக்காமல் கட்டும் மனிதர், கேலனுக்கு நான்கு சென்ட் குறைவாகக் கிடைக்கிறது என்று கைபேசி சொன்னால் நெடுஞ்சாலையை விட்டு விலகி ஆறு மைல் போய் நிரப்பிவிட்டு ஆறு மைல் திரும்பி வருவார். "மூன்று டாலர் எண்பது சென்ட் மிச்சம்" என்று மனைவியிடம் அறிவிப்பார். பன்னிரண்டு மைலுக்கு எவ்வளவு டீசல் செலவானது என்று அம்மையார் கேட்பதில்லை. நாற்பத்தைந்து வருடத் தாம்பத்தியம் சும்மா ஓடிவிடுமா?

வழியில் இரவு தங்குவதற்கு, அனுமதி தருகிற வால்மார்ட் கடைகளின் வாகன நிறுத்தத்தில் ஓர் ஓரம். வாடகை இல்லை. "இலவசம்!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், இலவசமாகத் தங்கிய மகிழ்ச்சியில் எண்பது டாலருக்குச் சாமான் வாங்கி வருவார்.

அவரிடம் பேச்சுக் கொடுத்தால் சுதந்திரத்தைப் பற்றித்தான் பேசுவார். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், பிடிக்காவிட்டால் சாவியைத் திருப்பலாம், பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிக்கவில்லையென்றால் பக்கத்து வீட்டையே மாற்றிக்கொள்ளலாம். கேட்கிற நமக்கே ரத்தம் சூடாகும். உண்மை என்னவென்றால், மேசாவில் அவர் நிற்பது போன வருடம் நின்ற அதே பூங்கா, அதே வரிசை, அதே எண்ணுள்ள மனை. அடுத்த வருடத்துக்கும் அதே மனைக்கு முன்பணம் கட்டியாயிற்று. தூக்குக்கால்களை இறக்கி வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தினால், செயற்கைப் புல் விரிப்பு, தொட்டிச் செடிகள், சூரிய விளக்கு, குடும்பப் பெயரும் ஊரும் செதுக்கிய மரப்பலகை எல்லாம் சுற்றிலும் முளைத்துவிடும். பிறகு ஏப்ரல் வரை அந்தச் சக்கரங்கள் ஓர் அங்குலம் நகரா. டயர் வெயிலில் வெடிக்காமலிருக்க அவற்றுக்கு வெள்ளை உறைகூடப் போட்டுவிடுவார்.

நம்மவர் ஒரு வங்கிக் கிளைக்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் கோப்பை எடுத்துவரக்கூட ஆள் வைத்திருந்தவர், இன்று காலை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு வண்டியின் அடிவயிற்றில் கழிவுக் குழாயைப் பொருத்துகிறார். கறுப்புத் தொட்டி, சாம்பல் தொட்டி என்று இரண்டு. முதலாவது எதற்கென்று சொல்லத் தேவையில்லை. அதை முதலில் திறக்க வேண்டும், சோப்புத் தண்ணீர் நிறைந்த இரண்டாவதை அப்புறம் திறந்தால் குழாய் கழுவப்பட்டுவிடும். வரிசை மாறினால் அன்றைக்கு அக்கம்பக்கத்தார் தம் மேசை நாற்காலிகளை உள்ளே எடுத்துக்கொள்வார்கள். இந்த வேலை நடக்கும்போது எப்படியோ மூன்று ஆண்கள் வந்து சேர்ந்து, இடுப்பில் கை வைத்து நின்று ஆலோசனை சொல்வார்கள். குழாயின் வளைவில் கண்ணாடிபோல் ஒரு துண்டு இருக்கும், உள்ளே போவது தெளிகிறதா என்று பார்க்க. நால்வரும் குனிந்து பார்ப்பார்கள். பல லட்சம் டாலர் கடனுக்குக் கையெழுத்திட்ட காலத்தில்கூட அவர் இவ்வளவு கூர்மையாக எதையும் பார்த்ததில்லை.

அதே நால்வர்தான் கோல்ஃப் கோஷ்டியும். நம்மவர், சஸ்காட்செவன் கோதுமை விவசாயி, அயோவாவின் ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர், மிச்சிகனில் கார்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்தவர். எட்டரைக்கு முதல் அடி அடிக்க நேரம் வாங்கியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் உறைபனித் தாமதம். பாலைவனத்தில்தான். இரவில் புல்லின் மேல் படிந்த பனி உருகுவதற்குள் யாராவது மிதித்தால், உறைந்த புல்லின் செல்கள் நொறுங்கி, இரண்டு நாளில் காலடித் தடங்கள் கறுப்பாகத் தெரியும். அதனால் வெயில் ஏறும்வரை ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள். பனியிலிருந்து தப்பிக்க 1,700 மைல் ஓடிவந்தவரைப் பனி வாசலில் நிறுத்தி வைத்துவிட்டது!

காத்திருக்கும் நேரம் வீண்போகாது. யாருடைய ஊர் அதிகக் குளிர் என்ற போட்டி தொடங்கும். மிச்சிகன்காரர் ஏரிக்காற்றைச் சொல்வார். அயோவாக்காரர் கதவு திறக்க முடியாமல் சன்னல் வழியாக வெளியேறிய வருடத்தைச் சொல்வார். கனடாக்காரர் செல்சியஸில் ஓர் எண்ணைச் சொல்ல, மற்ற மூவரும் அதை ஃபாரன்ஹீட்டாக மாற்றுவதற்குள் சுவை கெட்டுவிடும். கடைசியில் ஒருவர் "மைனஸ் நாற்பது" என்பார். சபை அடங்கிவிடும். அந்த ஓர் எண்ணில்தான் இரண்டு அளவுகளும் ஒன்றாகச் சேர்கின்றன, மாற்றவும் வேண்டாம், மறுக்கவும் முடியாது. இந்தப் போட்டியில் தோற்பவர் சொந்த ஊருக்கே துரோகம் செய்தவர்போல் தலைகுனிவார். அவ்வளவு நேசிக்கிற ஊரை ஏன் விட்டு வந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அவர்கள் நிற்கும் புல்லின் கதையும் சொல்ல வேண்டியதுதான். அரிசோனாவில் கோடைக்குத் தாங்கும் பெர்முடாப் புல் குளிர் வந்ததும் வைக்கோல் நிறமாகி உறங்கிவிடும். பனிப்பறவையார் வந்து பழுப்பு நிறத்தைப் பார்த்தால் மனம் நோகாதா? அதனால் இலையுதிர் காலத்தில் சில வாரம் மைதானத்தைப் பூட்டி, பெர்முடாவை ஒட்ட வெட்டி, அதன் தலைமேல் ரை புல் விதையைத் தூவி, நாள் முழுக்க நீர் தெளித்து மரகத நிறம் வரவழைக்கிறார்கள். பாலைவனத்தில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? பல மைதானங்களுக்குப் பாய்வது சுத்திகரித்த கழிவுநீர். காலையில் நால்வர் குனிந்து பார்த்து வழியனுப்பியது ஒருநாள் அவர்கள் காலடியில் பசும்புல்லாக எழுந்து வரவும் கூடும். பற்றும் வரவும் இதைவிட நேர்த்தியாகப் பொருந்துவது கடினம், ஆனால் நம்மவரிடம் இதைச் சொன்னால் ரசிக்கமாட்டார்.

ஆட்டத்துக்கு வருவோம். வெளியுலகில் சென்ட் பிசகாமல் கணக்கு வைக்கும் இந்த மனிதர், கோல்ஃப் மட்டையைத் தொட்டதும் வேறு ஆளாகிவிடுகிறார். முதல் அடி மண்ணைப் பெயர்த்தால் அது அடியே அல்ல, அதற்கு மல்லிகன் என்று பெயர், இன்னொரு பந்து வைத்துக்கொள்ளலாம். குழிக்கு மூன்றடி தூரத்தில் பந்து நின்றால் "கிம்மி" என்று நண்பர்கள் விட்டுக்கொடுப்பார்கள், உள்ளே தள்ளும் சிரமம் வேண்டாம். அவர்களுடைய மூன்றடி சில நேரம் ஐந்தரை அடி இருக்கும். பந்து பாலைவனத்துக்குள் உருண்டு, தொட்டால் துள்ளி ஒட்டிக்கொள்ளும் சோயா கள்ளியின் மடியில் விழுந்தால், அந்தக் கள்ளியைப் படைத்தவர்தான் பொறுப்பு, ஆடியவர் அல்ல. சாகுவாரோ கள்ளியின் கையில் பந்து பாய்ந்து நின்றுவிட்டால் நால்வரும் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குழிக்கு எண்ணிக்கை நின்றுபோகும்.

எல்லாவற்றுக்கும் மேலே குளிர்கால விதி என்று ஒன்று. சேறும் சகதியுமாகிப்போகும் குளிர்தேச மைதானங்களில், விழுந்த இடத்திலிருந்து பந்தை எடுத்துத் துடைத்து நல்ல இடத்தில் வைக்கத் தந்த சலுகை அது. இங்கோ வானம் நீலம், புல் பட்டு, காற்று இளஞ்சூடு. சேற்றைக் கண்ணால் காண வேண்டுமானால் யூமா நகரம் வரைக்கும் போய்க் கீரைப்பாத்தியில்தான் இறங்க வேண்டும். ஆனாலும் நாட்காட்டி ஜனவரி என்கிறதே! நாட்காட்டியை மீறலாமா? பந்து ஒவ்வொன்றும் அரையடி நகர்ந்து சௌகரியமாக உட்காரும்.

இவ்வளவு தாராளத்துக்கும் பிறகு அவருடைய மெய்யான எண்ணிக்கை அன்று 103. அட்டையில் பென்சிலால் எழுதியது 97. சஸ்காட்செவன்காரர் மட்டும் ஒரு புருவத்தை உயர்த்தினார். தன்னுடைய ஏழாவது குழியை நினைத்து அதை இறக்கிக்கொண்டார்.

அந்த சஸ்காட்செவன்காரரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கணக்கில் அவர் நம்மவரையே மிஞ்சியவர். அமெரிக்காவில் அவர் தங்கும் நாட்களை அமெரிக்க வருமானவரித் துறை எண்ணுகிறது. இந்த வருட நாட்கள் முழுசாக, போன வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தையதில் ஆறில் ஒரு பங்கு, கூட்டினால் 183 வந்துவிட்டால் வரிக்கு அமெரிக்கவாசிபோலவே கருதிவிடலாம். இல்லை, என் வீடு வாசல் உறவு எல்லாம் கனடாவில்தான் என்று காட்ட 8840 என்ற எண்ணுள்ள படிவம் உண்டு. அவர் சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளையும் சிவப்பு மையால் அடித்துவைக்கிறார். மூன்றிலும் ஆறிலும் ஒரு பங்கைத் தசமத்தில் இரண்டு இடம்வரை சொல்லும் இந்த மூளைதான், பன்னிரண்டாவது குழியில் நான்கா ஏழா என்று மறந்துவிடுகிறது.

அயோவா முதல்வர் இன்னும் ஒரு படி மேலே. வீட்டை விற்றுவிட்டார். சட்டப்படி அவர் இப்போது தெற்கு டகோடாவாசி. அங்கே மாநில வருமான வரி கிடையாது. ஒரு ராத்திரி தங்கிய ரசீதும் கடிதங்களை வாங்கி அனுப்பும் முகவரியும் இருந்தால், ஊர் ஊராகச் சுற்றுபவருக்கும் ஓட்டுநர் உரிமம் தருகிறார்கள். அந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு தன் மாநிலத்தை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தேர்தல் வந்தால் மட்டும் அங்குள்ள நிலவரம் பற்றிக் கவலையோடு பேசுவார்.

பூங்கா வாடகை உயரும்போதெல்லாம் நால்வரும் குவார்ட்ஸைட்டுக்குப் போய்விடப் போவதாக மிரட்டுவார்கள். மேற்கே கொலராடோ ஆற்றுப் பக்கம், பாலைவனத்து நடுவில் உள்ள ஊர். சில ஆயிரம் பேர் வசிக்கும் அந்தச் சிற்றூரைச் சுற்றிக் குளிர்காலத்தில் வெள்ளை வண்டிகள் உப்புத் தூவியதுபோல் பரவிக் கிடக்கும். அரசு நிலத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை ஏழு மாதம் தங்கக் கட்டணம் சொற்பம்தான். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஹாட்ஜி அலி என்ற ஒட்டகக்காரருக்கு ஒரு பிரமிடுச் சமாதி, உச்சியில் ஒட்டகச் சிலை. 1856-இல் அமெரிக்க ராணுவம் பாலைவனம் கடக்க ஒட்டகம் இறக்குமதி செய்தபோது கூட வந்தவர். ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது, அவர் ஊர் திரும்பவில்லை. நம்மவர் அங்கே போய்ப் படம் எடுத்திருக்கிறார். தங்கவில்லை. அந்த அரசு நிலத்தில் ஐம்பது ஆம்பியர் மின்இணைப்பு கிடையாது, அம்மையாரின் முடி உலர்த்தியும் மின்கணப்பும் சேர்ந்து ஓடாது. மிரட்டல் அதோடு முடிந்தது.

மாலை நான்கு மணி. இரவு உணவுக்கு நேரமாகிவிட்டது.

வாய் தவறி எழுதவில்லை. நான்கு முதல் ஐந்தரைக்குள் வந்து உட்கார்ந்தால் பல உணவகங்களில் சலுகை விலை உண்டு. ஐந்து முப்பத்தொன்றுக்கு வந்தால் முழு விலை. ஆகவே மூன்று ஐம்பதுக்கே வாசலில் நான்கு தம்பதிகள், எட்டுப் பேர். மேற்குச் சன்னல் வழியாக வெயில் கண்ணைக் குத்துகிறது. பரிமாறும் பெண் திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டு, இரவு என்று நம்பவைக்க உதவுகிறாள். எட்டுப் பேருக்கும் தண்ணீர், எலுமிச்சைத் துண்டோடு. மேசையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறதல்லவா? அம்மையார் பிழிந்து கலக்கிச் சாறு தயாரித்துவிடுவார், அதற்குப் பில் வராது.

நம்மவர் எடுத்துக்கொள்வது பிரைம் ரிப், மெதுவாக வாட்டிய மாட்டு விலாக்கறி. கூடவே சூப், சாலட். அந்த லெட்டூஸ் யூமாவிலிருந்து வந்தது, அமெரிக்கா குளிர்காலத்தில் தின்னும் இலைக்கீரையில் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது. கறியை மெல்லும் பற்கள் வந்தது யூமாவுக்கும் அப்பால், எல்லையைத் தாண்டிய அடுத்த தெருவில் உள்ள லோஸ் அல்கொதோனெஸ் என்ற மெக்சிகோச் சிற்றூரிலிருந்து. சில ஆயிரம் பேர் உள்ள ஊரில் பல் மருத்துவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு பல்லுக்கு ஆகும் காசில் அங்கே பாதி வாயை ஒப்பேற்றலாம் என்பது பனிப்பறவைகளின் வேதவாக்கு. வண்டியை எல்லையில் நிறுத்திவிட்டு நடந்து போய், பல்லும் மூக்குக் கண்ணாடியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு நடந்து திரும்புவார்கள். "இந்த இரண்டும் போன பிப்ரவரி" என்று நம்மவர் வாயைத் திறந்து காட்டினார். மேசையே எட்டிப் பார்த்தது.

பரிமாறும் பெண் மரியாதைக்கு ஆட்டம் எப்படி என்று கேட்டாள். "தொண்ணூற்று நான்கு" என்றார் நம்மவர். சூப் ஆறுவதற்குள் மூன்று குறைந்திருந்தது.

கறியில் பாதியை முதலிலேயே வெட்டி ஒதுக்கி, பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். அது நாளைய மதியத்துக்கு. ரொட்டியும் பெட்டிக்குள் போயிற்று, வெண்ணெய்ப் பொட்டலம் அம்மையாரின் கைப்பையில். பிறகு பில். எட்டுப் பேருக்கு நான்கு தனித்தனிப் பில், அதில் இரண்டுக்குக் கூப்பன், ஒன்றுக்கு முதியோர் சலுகை, கனடாக்காரருக்கு டாலர் மாற்று விகிதம் பற்றிய முணுமுணுப்பு. நம்மவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி, வரி சேர்ப்பதற்கு முந்தைய தொகையில், அதுவும் சலுகை கழித்த தொகையில், பதினைந்து சதவீதம் கணக்கிட்டு மூன்று டாலர் வைத்தார். இங்கேதான் எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம். அன்று காலை கள்ளிக்காட்டுக்குள் அவர் அனுப்பிவைத்த நான்கு பந்துகள், ஒவ்வொன்றும் நாலைந்து டாலர். அவற்றுக்குப் பெருமூச்சுகூட விடவில்லை. அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பாதியும் இந்த மேசைகளில் கிடக்கும் சில்லறைதான், அவள் "நாளைக்குப் பார்க்கலாம், ஹனி" என்று சிரிப்பது எத்தனை சதவீதத்துக்கு என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் கேட்பதில்லை.

உள்ளூர்க்காரர்களுக்கு வேறு வகைக் கோபம். நாற்பத்தைந்து மைல் வேகச் சாலையில் முப்பத்தைந்தில், இடதுபுறம் திரும்பும் விளக்கு மூன்று சந்திப்பாக மினுக்கிக்கொண்டே முன்னால் போவது வெளிமாநில எண் பலகை. பக்கத்துச் சாண்ட்லரில் சிப் தொழிற்சாலைகளை நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. பிள்ளையை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரும் அவசரத்தில் இருப்பவருக்கு மினசோட்டாவின் பத்தாயிரம் ஏரிகளைப் பற்றி எண் பலகையில் படிக்க நிறைய அவகாசம் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பேஸ்பால் குழுக்களின் பயிற்சி ஆட்டங்களும் சேர்ந்துகொண்டால் எந்த உணவகத்திலும் இடம் கிடைக்காது. ஈஸ்டர் கழிந்து பறவைகள் பறந்ததும் ஊரே மூச்சு விடுகிறது. ஆனால் ஜூலையில், 110 டிகிரி வெயிலில் காலி மேசைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும் உணவகக்காரர்கள், எப்போது நவம்பர் வரும் என்கிறார்கள்.

ஐந்தேகாலுக்கெல்லாம் கோஷ்டி பூங்காவுக்குத் திரும்பிவிட்டது. சூரியன் மறையுமுன் நால்வரும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து சூப்பர்ஸ்டிஷன் மலை சிவப்பதைப் பார்க்கும் சாக்கில் நாளைய ஆட்ட நேரத்தைப் பேசி முடித்தார்கள். நீச்சல் குளத்துப் பக்கம் பெண்கள் கூட்டம் தனி. காலையில் நீர் உடற்பயிற்சி, மாலையில் செய்திப் பரிமாற்றம். சஸ்காட்செவன் அம்மையார் அங்கே என்ன சொன்னார் என்பது அப்போது நம்மவருக்குத் தெரியாது.

ஏழரைக்கு மினியாபொலிஸிலிருந்து மகன் அழைத்தான். அப்பா வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தான், ஒன்றரை அடி.

"முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு" என்று சாய்வு நாற்காலியில் படுத்தபடி நம்மவர் கற்றுக்கொடுத்தார். "ஓரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உப்பைக் கடைசியில் போடு, மூட்டை பதினோரு டாலர், வீணாக்காதே."

"சரி, டாட். இன்றைக்கு ஆட்டம் எப்படி?"

"எண்பத்தொன்பது."

நாற்பது அடி வண்டியின் மறுமுனையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கைபேசியை வாங்கினார்.

"நூற்று மூன்று. நீ உள்ளே போய்ச் சூடாக ஏதாவது குடி, மீதியைக் காலையில் அள்ளிக்கொள்ளலாம்."